அத்தானின் பறக்கும் வண்டியும் அண்ணையின் கால்களும்

அன்றைக்கு வண்டியின் மூன்று சில்லுகளுக்கும் கீழே தேசிக்காய் வைத்திருந்தார்கள். புது மோட்டார் சைக்கிளுக்கு வைப்பதுபோலத்தான். நடுத்தண்டில் செவ்வந்தி மாலை தொங்கியது. முன்னிருக்கையில் அத்தான், கறுப்புக் கண்ணாடி போட்டு, படம் எடுப்பவர்களுக்கு வசதியாக முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். பின்னிருக்கையில் என் அண்ணை. அவருக்கு நீளக் காற்சட்டை போட்டுப் பழக்கமில்லை. விழா பார்க்க வருவதற்கென்று அக்காவின் மகனுடையதை வாங்கிப் போட்டிருந்தார். அது கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. தோட்டத்துச் செம்மண் ஊறிய அந்தக் கால்களால் அவர் நடந்துபோய், குனிந்து, குழாய்களுக்கு நடுவே நுழைந்து ஏறியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அவர் நடந்ததை நான் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். அவர் காலமாகி இன்னும் ஆண்டுத் திவசம் வரவில்லை. இறந்துபோன ஒருவரைப் பற்றி எழுத உட்காரும்போது மனம் இளகும் என்று சொல்வார்கள். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. அவரை நினைத்தால் அருவருப்புத்தான் வருகிறது. அழுகிய மீனைத் தெரியாமல் தொட்டுவிட்டு, எத்தனை தரம் கழுவியும் விரலில் மணம் நிற்பதுபோல ஓர் அருவருப்பு. அவர் மீது மட்டுமல்ல, அவரைச் சுற்றி நின்று கைதட்டிய எல்லோர் மீதும்.

அவர் வளைகுடா நாடொன்றின் விமான நிலையத்தில் நெடுங்காலம் வேலை செய்தவர். பயணிகளின் பெட்டிகள் சுற்றிவரும் அந்த நீளப் பட்டியைத் திருத்துவதுதான் அவருடைய வேலை. மரியாதையான வேலை. ஆனால் எங்கள் ஊரான உரும்பிராய்க்குத் திரும்பி வந்த முதல் மாதமே ஊர் அவரைப் ‘பிளேன் எஞ்சினியர்’ ஆக்கிவிட்டது. கோயில் வாசலில் யாரோ அப்படிச் சொல்ல, அத்தான் தலையை மெதுவாக ஆட்டியதை நான் பார்த்தேன். மறுக்கவும் இல்லை, ஓம் என்று சொல்லவும் இல்லை. அந்தத் தலையாட்டலில்தான் எல்லாம் தொடங்கியது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஒருவரை ஊர் எஞ்சினியர் என்று அழைத்துவிட்டால் அவர் ஏதாவது செய்து காட்டித்தானே ஆகவேண்டும்.

அவர் செய்து காட்டியது ஒரு பறக்கும் வண்டி. பார்ப்பதற்குக் குட்டி ஹெலிகொப்டர்போல இருக்கும். ஆனால் ஹெலிகொப்டர் இல்லை. நான் பாடசாலையில் பௌதிகவியல் படிப்பித்தவள் என்பதால் அது எப்படிப் பறக்கிறது என்று விளங்கிக்கொள்ள ஆசைப்பட்டேன். வீட்டிலேயே இத்தகைய வண்டிகளைச் செய்து பறக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் எழுதியவற்றைத் தேடிப் படித்தேன். தலைக்கு மேலே இருக்கும் பெரிய விசிறியை எஞ்சின் சுற்றுவதில்லை. எஞ்சின் பின்னாலுள்ள சின்ன விசிறியைச் சுற்றி வண்டியை முன்னே தள்ளும். வண்டி ஓட ஓட, காற்று கீழிருந்து மேலாகப் புகுந்து பெரிய விசிறியைத் தானாகச் சுற்ற வைக்கும். அந்தச் சுழற்சிதான் வண்டியைத் தூக்கும். ஒரு வகையில் பட்டம்தான். எஞ்சின் நின்றுபோனால்கூட மேலே விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும்; வண்டி மகோகனி விதைபோலச் சுழன்று மெதுவாக இறங்கும். இதை அத்தான் எல்லோருக்கும் சொல்வார். “பிளேனை விட இது பத்திரம். எஞ்சின் நிண்டாலும் விழாது,” என்பார். அவர் சொன்னது பொய்யில்லை. மிச்சத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வண்டியின் எலும்புக்கூடு முழுவதும் அலுமினியக் குழாய். எஞ்சின் ஏதோ ஒரு பழைய காரிலிருந்து கழற்றியது. பின்விசிறி பெரிதாக இருந்ததால் அது கீழ்க்குழாயில் இடிக்காமலிருக்க எஞ்சினை மிக உயரத்தில், இருந்து ஓட்டுபவரின் தலைக்கு நேராக, பூட்டியிருந்தார். வாலில் திசை திருப்ப நிமிர்ந்த தகடு ஒன்று மட்டும். அது ஒரு கடையின் பழைய பெயர்ப்பலகை; உள்பக்கத்தில் ‘புடைவை’ என்ற எழுத்து பாதி தெரியும். மூக்கு மேலும் கீழும் ஆடாமல் பிடித்து வைத்திருக்கக் கிடைத் தகடு ஒன்று வேண்டும். அது இல்லை. வைத்தால் வடிவு கெட்டுப்போகும் என்று சொன்னார்.

முதல் விபத்து வானத்தில் நடக்கவில்லை. வெங்காயம் கிண்டி முடிந்த வெறுந்தோட்டத்தில், தரையிலேயே நடந்தது. மேல்விசிறி போதுமான வேகத்துக்கு வரும்வரை வண்டியை மெதுவாகத்தான் ஓட்டவேண்டும். அத்தானுக்குப் பொறுமையில்லை. வீதியில் ஆட்கள் நின்று பார்த்தார்கள், அவர் எஞ்சினை முறுக்கிவிட்டார். மெதுவாகச் சுற்றிய விசிறி அலகுகள் எதிர்காற்றில் சேவல் செட்டையடிப்பதுபோல மேலும் கீழும் அடித்தன. ஒன்று வாலில் மோதி உடைந்தது. உடைந்த துண்டு வேலிக்கு மேலால் பறந்துபோய்ப் பக்கத்து வளவு மாமியின் ஆட்டைக் கொன்றது. சினை ஆடு. மாமி ஆட்டின் பக்கத்தில் குந்தியிருந்தார். இரண்டு நாள் கழித்து அத்தான் அவருக்கு ஒரு பரிசு கொண்டுபோனார். கண்ணாடிச் சட்டமிட்ட படம். தானும் வண்டியும் நிற்கிற படம். “சரித்திரத்திலை உங்கடை ஆடும் இருக்கும் மாமி,” என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரித்தார். அக்காவும் சிரித்தாள்.

வண்டியைத் திருத்தி, பிறகு உண்மையிலேயே பறந்தார். கடல்நீரேரிக் கரையில் மழை முடிந்தால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் வெட்டவெளியைத் தரவை என்போம். அங்கிருந்து எழும்பி, ஒரு நாள் எங்கள் ஊருக்கு மேலாலேயே வந்துவிட்டார். நான் முற்றத்தில் புழுங்கல் காயவிட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் தூரத்தில் கேட்டபோதே என் கை நின்றுவிட்டது. டப் டப் டப் என்று காற்றை அடிக்கும் சத்தம். எங்கள் வயதுக்காரருக்கு அந்தச் சத்தம் எங்கே போய்த் தைக்கும் என்று விளக்கத் தேவையில்லை. ஹெலி வருகிறது என்று யாரோ கத்தினால் பதுங்குகுழிக்கு ஓடி வளர்ந்தவர்கள் நாங்கள். பக்கத்து வளவு மாமியின் புருசன் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றபோது ஹெலியிலிருந்து சுட்ட சூட்டில் செத்தவர். நான் வேலியால் எட்டிப் பார்த்தேன். மாமி கிணற்றடிச் சேற்றில் குப்புறப் படுத்துக் கிடந்தார். இரண்டு கையாலும் பின்கழுத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். சத்தம் போய், வெகுநேரம் கழித்தும் எழும்பவில்லை. நான் போய்த் தொட்டுத்தான் எழுப்பினேன். “குண்டு போட்டானே?” என்று கேட்டார்.

அதையும் யாரோ அத்தானிடம் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்தக் கலியாண வீட்டிலும் அவருடைய பகிடி அதுதான். மாமி சேற்றில் விழுந்து கிடந்த மாதிரியை மேசையில் கவிழ்ந்து செய்து காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் தாங்களும் ஒரு காலத்தில் அப்படிக் கிடந்தவர்கள். நான் ஒரு தரம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனேன்.

வண்டியில் பின்னால் இரண்டாவது இருக்கை பூட்டப்போகிறார் என்று கேள்விப்பட்டபோது நான் நேரே போய்ச் சொன்னேன். எஞ்சின் தள்ளுகிற தள்ளு வண்டியின் பாரமையத்துக்கு மேலால் போகிறது. ஒரு அலுமாரியை உச்சியில் கைவைத்துத் தள்ளினால் என்ன நடக்குமோ, அதைத்தான் அந்த எஞ்சின் எந்நேரமும் செய்யப் பார்க்கிறது. மேல்விசிறி காற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் நடக்காது. ஆனால் வேகமாகப் போகும்போது ஓட்டுகிறவர் பிடியைச் சடாரென்று முன்னே தள்ளினால், கீழிருந்து வரும் காற்று நின்றுவிடும். விசிறிக்குப் பாரம் இல்லாமல் போகும். அந்தக் கணத்தில் எஞ்சின் வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடும். அப்படிக் கவிழ்ந்தால் திருப்பி எடுக்க ஒருவராலும் ஏலாது. வாலில் கிடைத் தகடு வையுங்கள், எஞ்சினைக் கீழே இறக்குங்கள் என்றேன்.

“ரீச்சர்,” என்றார் அத்தான். என்னை இளக்காரமாகப் பேசும்போதுதான் அப்படிக் கூப்பிடுவார். “உது பள்ளிக்கூடக் கணக்கு. நான் பறந்த மனிசன்.”

அவர் தன் வீடியோக்களை யூரியூப்பில் போட்டுக்கொண்டிருந்தார். அதற்குக் கீழே, இத்தகைய வண்டிகளை ஓட்டும் வெளிநாட்டுக்காரர் ஒருவர், நான் சொன்னதையே இன்னும் தெளிவாக எழுதியிருந்தார். தயவுசெய்து இதில் யாரையும் ஏற்றாதீர்கள் என்று முடித்திருந்தார். அடுத்த நாள் பார்த்தேன், அந்தப் பின்னூட்டம் இல்லை. கைதட்டலும் பூச்செண்டும் போட்ட பின்னூட்டங்கள் மட்டும் இருந்தன.

இரண்டு பேர் பறப்பதைக் காட்ட நாள் குறித்தார்கள். ஊர்ச் சங்கத்துக்காரர், இளைப்பாறிய பாடசாலை அதிபர் ஒருவர், வீடியோ எடுக்கும் பெடியள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் எல்லோரும் தரவையில் கூடிவிட்டார்கள். பறப்பதற்கு யாரிடமும் அனுமதி எடுக்கவில்லை. தரையில் ஓட்டிப் பார்க்கிறோம் என்று சொன்னால் போதும் என்று அதிபர் வழி சொல்லிக்கொடுத்திருந்தார்.

அண்ணை எங்கள் வீட்டில் மூத்தவர். வெங்காயமும் புகையிலையும் செய்கிற மனுசன். கூட்டத்தில் நிற்கவே கூச்சப்படுவார். அவர் பின்னிருக்கையில் ஏறப்போகிறார் என்று எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். கையைப் பிடித்து இழுத்தேன்.

“வேண்டாம் அண்ணை. சொல்லுறதைக் கேளுங்கோ.”

“இத்தனை சனத்துக்கு முன்னாலை மச்சான் கேட்டிட்டார் பிள்ளை. எப்பிடி மாட்டன் எண்டுறது?” என்றார். பிறகு, “ஒரு சுத்துத்தானே. வாறன்,” என்று என் கையை எடுத்துவிட்டார்.

தேசிக்காய்கள் நசிந்தன. வண்டி ஓடி எழும்பியது. பாரம் கூடியதால் சிரமப்பட்டுத்தான் எழும்பியது என்று தெரிந்தது. ஒரு வட்டம் போய்த் திரும்பி, வீடியோவுக்காகச் சனத்துக்கு மேலால் பனை உயரத்தில் வேகமாக வந்தது. நீரேரிப் பக்கமிருந்து ஒரு காற்று அடித்தது. மூக்கு மேலே போனது. அத்தான் பிடியைத் தள்ளினார். மூக்கு கீழே குத்தியது. இழுத்தார், முன்னதைவிட மேலே போனது. ஊஞ்சலைப் பிழையான நேரத்தில் தள்ளத் தள்ள அது கூடிக்கொண்டு போவதுபோல. அக்கா என் பக்கத்தில் நின்றாள். அண்ணை எங்களுக்கு நேர் மேலே வந்தபோது இருவரும் அவருடைய கைகளைப் பார்த்தோம். இரண்டு கையும் இரண்டு பக்கக் குழாய்களை இறுகப் பிடித்திருந்தன. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அத்தான் பிடியைக் கடைசியாக ஒரு தரம் முன்னே தள்ளினார். அந்த டப் டப் சத்தம் சட்டென்று இல்லாமல் போய்விட்டது. எஞ்சினின் இரைச்சல் மட்டும் கேட்டது. வண்டி முன்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு, அலகு வாலை அறுத்து, தண்ணீர் வற்றாத சேற்றுப் பகுதியில் போய் விழுந்தது.

சேறு என்றபடியால் உயிர் தப்பியது. அத்தான் முன்னால் தூக்கி எறியப்பட்டுத் தோள் எலும்பை முறித்துக்கொண்டார். உயரத்தில் பூட்டிய எஞ்சின் கழன்று அண்ணையின் முதுகில் இறங்கியிருந்தது. நான் ஓடிப்போனபோது எனக்கு முன்னால் கைப்பேசிகள் போய்விட்டன. அண்ணை தண்ணி என்று கேட்கிறார். ஒருவன் குனிந்து நின்று அவர் கேட்பதைப் படம் எடுக்கிறான். அவன் கையிலிருந்ததைத் தட்டிச் சேற்றில் விழுத்தினேன். “உங்களுக்கு என்ன விசரே?” என்று அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்.

அண்ணைக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. பொலிஸ் வந்து கேட்டபோது, தரையில்தான் ஓட்டினோம், காற்று தூக்கிவிட்டது என்று அத்தான் சொன்னார். கட்டிலில் கிடந்த அண்ணையும் அதற்கு ஓம் என்றார்; வீடியோ எடுத்தவர்கள் ஒருவரும் அதை வெளியே காட்டவில்லை. அது போகட்டும். இரண்டு மாதம் கழித்து அத்தான், கையைத் துணியில் தொங்கவிட்டபடி ஒரு யூரியூப் நேர்காணலில் இருந்தார். விபத்து ஏன் நடந்தது என்று கேட்டார்கள். அவர் கொஞ்சம் யோசிப்பதுபோல இருந்துவிட்டு, “பின்னாலை இருந்தவர் பயந்துபோனார். என்ரை தோளைப் பிடிச்சு இழுத்திட்டார். பாவம், அவரைக் குறை சொல்லேலாது,” என்றார். அந்த ‘பாவம்’ என்ற சொல்லை இப்போதும் என்னால் சகிக்க முடியவில்லை.

ஊர் அதை நம்பியது. அண்ணையைப் பார்க்க வந்தவர்களே அவரிடம், “பயப்பிடாமல் இருந்திருக்கலாமே,” என்றார்கள். அவருடைய இரண்டு கையும் குழாயில்தான் இருந்தன என்று நான் போகிற இடமெல்லாம் சொன்னேன். அதிபரிடம் சொன்னேன், சங்கத்தில் சொன்னேன். அத்தானின் முகத்துக்கு நேரேயும் சொன்னேன். அக்கா தேத்தண்ணி போடப் போகிறேன் என்று எழும்பிப் போனாள். அண்ணைதான் என்னை நிறுத்தினார். “விடு பிள்ளை. அவள் அந்த வீட்டிலை இருக்கவேணும்.” பிறகு ஒரு நாள் அத்தான் வீடியோப் பெடியளோடு வந்து அண்ணைக்குச் சக்கர நாற்காலி ஒன்று கொடுத்தார். அதன் முதுகில் அவருடைய பெயர் ஒட்டியிருந்தது. அண்ணையைக் கும்பிடச் சொன்னார்கள். கும்பிட்டார். இப்போது அவர் அந்த நாற்காலியில் இருந்து, தன் தோட்டத்தில் வேறு யாரோ பாத்தி கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பார்க்க ஏலாமல் போனால் நாற்காலியை மதில் பக்கம் திருப்பச் சொல்லுவார்.

அத்தான் வானத்திலிருந்து விழுந்து சாகவில்லை. குளியலறையில் மாரடைப்பு. அடுத்த வண்டியைக் கராஜில் பாதிவரை கட்டியிருந்தார். அதிலும் இரண்டு இருக்கை, அதிலும் எஞ்சின் உயரத்தில்தான். சந்திக்குச் சந்தி பதாகை கட்டினார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலருக்கு அவருடைய வரலாற்றை நான் எழுதவேண்டும் என்று அதிபர் வந்து கேட்டார். “உங்கடை தமிழ் நல்லது,” என்றார். மாட்டேன் என்றேன். அப்போதுதான் அக்கா உள்ளேயிருந்து வந்தாள்.

“எழுது. அண்ணை இழுக்கேல்லை எண்டு எழுது.”

அதிபர் திடுக்கிட்டுப் பார்த்தார். “மோனை, மலரிலை உதெல்லாம்—”

“நானும் பக்கத்திலைதான் நிண்டனான். அண்ணையின்ரை இரண்டு கையும் குழாயிலைதான் இருந்தது. அதைப் போடாட்டில் மலரும் வேண்டாம்,” என்றாள் அக்கா. குரல் உயரவில்லை.

அதிபர் போன பிறகு நான் அவளைக் கேட்டேன், இவ்வளவு காலமும் எங்கே போனாய் என்று. “அவர் இருக்கேக்கை சொல்லியிருந்தா நான் எங்கை போறது?” என்று திருப்பிக் கேட்டாள். ஆனாலும் அவள்மேல் எனக்கிருந்த அருவருப்பு முழுதாகப் போகவில்லை.

எழுதிக் கொடுத்தேன். அந்த வசனம் மலரில் வந்தது. உள்ளே ஒரு மூலையில், தேவாரங்களுக்கு முன்பக்கத்தில். அந்தியேட்டியன்று அண்ணையைக் கூட்டிவந்து விறாந்தையில் இருத்தினோம். முன்னறையில் ஆட்கள் மலரைப் புரட்டி, நல்ல மனுசன், துணிஞ்ச மனுசன் என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணை அந்தப் பக்கத்தை விரல் வைத்துப் படித்தார். இரண்டு தரம் படித்தார் என்று நினைக்கிறேன். அக்கா அவர் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

“இது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே,” என்றார் அண்ணை. “எனக்கு வேறை ஒண்டுதான் விளங்கேல்லை. அண்டைக்கு என்னைக் கேட்க முன்னம் உன்ரை மகன்தான் பின்சீற்றிலை ஏறி இருந்தவன். மச்சான் வந்து அவனைக் கையிலை பிடிச்சு இறக்கினவர். பிறகுதான் என்னைக் கூப்பிட்டவர். ஏன் இறக்கினவர் எண்டு அவரைக் கேட்கவேணும் எண்டு இருந்தனான்.”

எனக்கு இது புதிது. நானும் அக்காவும் தரவைக்குப் போய்ச் சேர முன்னர் நடந்திருக்கிறது. அக்காவைப் பார்த்தேன், அவளுக்கும் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. அவளுடைய மகன், கொழும்பில் வேலை செய்கிறவன், மோதகத் தட்டோடு கதவடியில் நின்றான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டான். தட்டைக் கீழே வைத்தான்.

“ஓம் மாமா. நான் இருந்தனான். ‘நீ இறங்கு, காத்து ஒரு மாதிரிக் கிடக்கு’ எண்டு அப்பா சொன்னவர்.”

காற்று ஒரு மாதிரிக் கிடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மலரில் இது இல்லை, அது அப்போது அச்சாகி முடிந்துவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

போன மாதம் அதிபரும் சங்கத்துக்காரரும் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். மகனும் விடுமுறையில் வந்திருந்தான். கராஜில் கிடக்கும் அரைகுறை வண்டியை முடித்து, அத்தானின் பெயரால் பறக்கவிட வேண்டும் என்பது அவர்களுடைய ஆசை. வெளிநாட்டிலுள்ளவர்கள் உதவி செய்ய ஆயத்தமாம். வீடியோப் பெடியளும் வருவார்களாம். ஓட்டுவதற்கு ஒருவரைத் தேடிப் பிடித்துவிட்டார்களாம். மகன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“இது இரண்டு சீற் வண்டியெல்லே,” என்றான். “பின்னாலை ஆர் இருக்கப்போறியள்?”

சங்கத்துக்காரர் ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தார். இன்னொருவர் அதிபரைப் பார்த்தார். அதிபர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதை அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுக்கலாம் என்றார்.